கழுதையைக் கழுவேற்றாதீர்

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பது பிழையாம்; "கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை" என்பதே மூலமாம். கழு என்னும் கோரையால் பாய் தைத்தால் கற்பூரம் மணக்குமாம். "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பதும் 'வேரை' என்பதன் சிதைவாம். பழமொழிகளின் 'உண்மைப் பொருள்' என்று வாட்ஸப்பில் வலம்வரும் இத்திருத்தங்கள் எந்தச் சுவடியையும் பதிப்பையும் சுட்டுவதில்லை.

தமிழும் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் மட்டாஞ்சேரியில் இத்திருத்தங்கள் ஒரு நாளும் தாங்கா. மலையாளத்திலும் அதே கழுதை உண்டு. அது சுமப்பது குங்குமம். 16ஆம் நூற்றாண்டில் பிறந்த பூந்தானம் தம் ஞானப்பானையில் அவ்வுவமையை ஆள்கிறார். அவருக்கும் பல நூற்றாண்டுகள் முந்திய சுசுருத சம்ஹிதை, பொருளறியாது நூல் பல கற்றவனுக்குச் சந்தனம் சுமக்கும் கழுதையை உவமை கூறுகிறது. மொழிக்கு மொழி மணப்பொருள் மாறுகிறது, கழுதை மாறவில்லை. தமிழ்க் கழுதையைக் 'கழு தைக்க' என்று பிரிப்போர் வடமொழிக் கழுதையை எங்ஙனம் பிரிப்பர்?

வைத்தியன் கதையும் இதுவே. 'முறிவைத்தியன் ஆளைக் கொல்லும்' என்பது மலையாள வழக்கு. அரைகுறை ஹக்கீமால் உயிருக்கு ஆபத்து என்பது இந்தி வழக்கு. இரண்டிலும் வேர் இல்லை. தமிழிலும் வேரைத் தோண்டுவர், பிடுங்குவர், அரைப்பர், கொல்வதில்லை.

பழமொழிகள் சிதைவதே இல்லை என்பதன்று வாதம். சிதைந்தது என்போர் முந்தைய வடிவத்தைக் காட்ட வேண்டும். பெர்சிவல் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அச்சிட்டார். குண்டர்ட் 1850இல் ஆயிரம் மலையாளப் பழமொழிகளைத் தலைச்சேரியில் வெளியிட்டார். அவற்றையேனும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருத்த வரலாம்.

இத்திருத்தங்களுக்கு அடியில் ஓர் இழிநோக்கு உறைகிறது: எழுத்தறியாதார் நாவு கெடுத்ததைப் படித்தவர் மீட்கிறாராம். ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் தமிழ் வண்ணார் தலைமுறைகளாகத் துணி வெளுத்து வருகின்றனர். கழுதையோடு வாழ்ந்த அத்தகைய மக்களுக்குக் கழுதையைப் பற்றிப் பேசத் தெரியாது என்பது ஆராய்ச்சியா, ஆணவமா?

சாதியையும் பெண்ணையும் இழித்துரைக்கும் பழமொழிகள் பல உண்டு. அவற்றைக் கேட்டுக் கூசுவது முறையே. ஆனால் எழுத்தைப் பிரித்து அவற்றுக்கும் நற்பொருள் புனைவது, இழித்தவரைக் காப்பாற்றும். இழிக்கப்பட்டவரின் சாட்சியத்தை அழிக்கும். பழமொழியை உள்ளபடி பதிவு செய்க. பிறகு கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்க.