இடிப்பாரை இடித்துரைப்போம்

ஒரு வீட்டைக் குண்டு இடித்தால் அதற்கு நாசம் என்று பெயர். அதே வீட்டை ஒரு வரைபடமும் கையொப்பமும் இடித்தால் அதற்கு அபிவிருத்தி என்று பெயர். பெயர் எதுவாயினும் தெருவில் நிற்பவனின் நிலை ஒன்றே. 2008 ஆகஸ்டில் போர்முனை கடந்துபோன வெள்ளாங்குளத்திலிருந்து இதனை எழுதுகின்றோம். இடம்பெயர்ந்து திரும்பி, கூரையற்ற சுவர்களுக்கிடையே தம் வாசற்படியைத் தேடிய மக்கள் வாழும் பகுதி இது. இடிபாடு என்றால் என்னவென்று எமக்கு எவரும் விரிவுரை நிகழ்த்த வேண்டியதில்லை.

ஆகவேதான், நகரங்களின் பழைய தெருக்களைத் துடைத்தெறியும் திட்டங்கள் எம்முடைய வழக்கும் ஆகின்றன. கொழும்பின் கொம்பனித்தெருவை எண்ணிப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்துவைத்த இடமாதலால் ஆங்கிலத்தில் அதற்கு அடிமைத் தீவு என்ற பெயரே நிலைத்தது. பின்னர் மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அண்டை அயலாராய்க் குடித்தனம் நடத்தித் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பகுதி அது. போர் முடிந்து ஓராண்டு நிறைவதற்குள், 2010 மே மாதத்தில், அங்கே மியூஸ் வீதியில் இருந்த குடியிருப்புகள் படையினரின் காவலோடு இடித்து வீழ்த்தப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்ட ஆண்டும் அதுவே. நகரை அழகுபடுத்துவது படைத்துறையின் தொழிலாயிற்று!

'அழகு' என்ற சொல் எடுபடாத இடத்தில் இடிப்போர் கையாளும் சொல் 'ஆபத்து'. கட்டடம் பழுதடைந்துவிட்டது, உயிருக்கு ஆபத்து என்பார்கள். இவ்வாதத்தின் யோக்கியதையை அறியக் கடலுக்கு அப்பால் சென்னையைப் பார்த்தால் போதும். மவுண்ட் ரோட்டில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், 1956-இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் தேசவுடைமையானபோது எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. பொதுச் சொத்தாக வந்ததைப் பேணிக் காப்பதற்குப் பதிலாக, 2006-இல் அதனை இடிக்கத் தொடங்கினர். இன்டாக் என்னும் மரபுரிமை அமைப்பு நீதிமன்றம் சென்றது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்ததோடு, மரபுக் கட்டடங்களைக் காக்க ஒரு குழுவை அமைக்கவும் ஆணையிட்டது. வழக்கு வென்றது; கட்டடமோ அதன் பின்னும் செடி முளைத்துச் சிதைந்து நின்றது. ஒழுகும் கூரையைச் செப்பனிடாதவனே பின்பு அந்த ஒழுக்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? பேணாமல் விடுவதும் இடிப்பதே. ஓசையின்றி, மெல்ல மெல்ல இடிப்பது.

"அந்நியன் கட்டியதற்கு நாம் ஏன் அழவேண்டும்?" என்று முற்போக்காளர் சிலரே கேட்கின்றனர். கட்டச் சொன்னவன் அந்நியன்; கல் சுமந்தவரும் சாந்து குழைத்தவரும் மரம் இழைத்தவரும் நம்மவர் அல்லரோ? கொம்பனித்தெருவை அடையாளமின்றி அழித்தால் ஒல்லாந்தரின் பெருமை குன்றிவிடாது. அவர்களுடைய வரலாறு ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றது. அடிமைகளுக்கும் அவர்களுக்குப் பின்வந்த உழைப்பாளிகளுக்கும் அந்தத் தெருவைத் தவிர வேறு ஏடு ஏது?

"அப்படியாயின் ஏழை ஒழுகும் வீட்டிலேயே கிடக்கவேண்டுமா?" என்ற கேள்வியும் எழலாம். வேண்டியதில்லை. பழமையின் பெயரால் எவரையும் புழுக்கத்தில் அடைத்துவைக்க நாம் கோரவில்லை. கூரையை மாற்றுங்கள், குழாய்நீர் கொடுங்கள், கழிவு வாய்க்கால் அமையுங்கள். ஆனால் குடியிருப்பவன் அங்கேயே குடியிருக்க, அவனுடைய சம்மதத்தோடு செய்யுங்கள். அவனை அகற்றிவிட்டு, அவன் நுழையவே முடியாத மாடமாளிகையை அந்த நிலத்தில் எழுப்புவது சீர்திருத்தமன்று, நிலப்பறிப்பு.

எனவே, ஒரு பழைய கட்டடத்தை இடிக்க வருகின்ற ஒவ்வோர் அதிகாரியிடமும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இதைப் பழுதாக விட்டவர் யார்? இங்கே வாழ்ந்தவர் நாளை எங்கே வாழ்வார்? காலியாகும் நிலம் யாருடைய கைக்குப் போகும்? மூன்றுக்கும் பொதுமக்கள் முன்னிலையில் விடை தரும்வரை ஒரு செங்கல்லும் பெயரக்கூடாது.