அறிவியலை வாசிக்கவும் கற்றுக்கொடுங்கள்

வாயுவின் அழுத்தத்தையும் பருமனையும் இணைக்கும் பாயில் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் நம்மிடம் ஏராளம். 'வெப்பநிலை மாறாதபோது' என்ற நிபந்தனை அதில் எதற்கு என்று கேட்டால்தான் திணறுவார்கள். ஆய்வகம் சரியில்லை என்பது இதற்குப் பாதிக் காரணம். வாசிக்கத் தெரியாதது மீதி. அறிவியல் பத்தி கதைபோல ஓடாது. நிபந்தனை, காரணம், விளைவு மூன்றும் ஒரே வாக்கியத்தில் நெருக்கியடித்து நிற்கும். அதைப் பிரித்தறிய யார் சொல்லித்தருவது? தமிழாசிரியருக்கு அது அறிவியல் பாடம். அறிவியல் ஆசிரியருக்கு வாசிப்பு தமிழாசிரியரின் வேலை. பிசா என்ற பன்னாட்டுத் தேர்வின் 2009 சுற்று நீட்டிப்பில் தமிழ்நாட்டின் 15 வயது மாணவர்கள் அறிவியலில் பெற்ற சராசரி 348. வளர்ந்த நாடுகளின் சராசரி 500ஐ ஒட்டியிருந்தது. பத்தியையும் படத்தையும் வாசித்துக் காரணம் சொல்லவேண்டிய தேர்வு அது.

இந்தத் திறனைக் குழுவாக வாசித்து வளர்க்கலாம். 1984இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பாலின்சாரும் பிரவுனும் வெளியிட்ட ஆய்வு, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களைப் பற்றியது. சிறு குழுவில் பத்தி பத்தியாக வாசித்து, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவுபடுத்துவது, சுருக்கிச் சொல்வது, அடுத்து வருவதை ஊகிப்பது ஆகியவற்றை ஆசிரியர் முதலில் செய்துகாட்டினார். பிறகு மாணவர்கள் முறைவைத்துக் குழுவை நடத்தினார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் தெளிவாக உயர்ந்தது. தனியாக வாசிக்கும் பிள்ளை புரியாத இடத்தைத் தாண்டிப் போய்விடும். குழுவில் அது நடக்காது. 'வெப்பநிலை மாறினால் என்ன ஆகும்?' என்று ஒருத்தி கேட்டுவிட்டால் மற்றவர்கள் அந்த வரிக்குத் திரும்பியே ஆகவேண்டும்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும், மற்றவை வேடிக்கை பார்க்கும் என்பது ஆசிரியர்களின் நியாயமான கவலை. பொறுப்பை ஒவ்வொரு பத்திக்கும் மாற்றுவதும், பேசாதிருந்த பிள்ளையைச் சுருக்கிச் சொல்ல வைப்பதும் அதற்கு மருந்து. பாடம் முடியாது என்பது அடுத்த மறுப்பு. முடிக்கப்பட்ட பாடத்தில் எவ்வளவு புரிந்தது என்று பார்த்தால் அந்த வேகத்தின் இலாபம் தெரிந்துவிடும். கனமான மறுப்பு வேறு. இம்முறை பற்றிய 16 ஆய்வுகளை 1994இல் தொகுத்துப் பார்த்த ரோசன்ஷைனும் மைஸ்டரும், ஆய்வாளர்களே தயாரித்த தேர்வுகளில் பலன் பெரிதாகவும், தரப்படுத்தப்பட்ட தேர்வுகளில் சிறிதாகவும் இருந்ததைக் கண்டார்கள். ஆக, இது மாயமருந்து அல்ல. எழுத்தே தெரியாத பிள்ளைக்கு இது உதவாது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதுமல்ல. நடுநிலை வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியில் படித்தல், மனவரைபடம், தொகுத்தலும் வழங்குதலும் எல்லாம் இருந்தன. பாடக்குறிப்பேட்டில் அவை இன்றும் தலைப்புகளாக இருக்கின்றன. பல வகுப்புகளில் மனவரைபடம் பார்வையாளருக்குக் காட்ட வரையும் படமாகிவிட்டது. தேர்வு கேட்காததை வகுப்பு செய்யாது. எனவே பாடநூலில் இல்லாத அறிவியல் பத்தி ஒன்றைக் கொடுத்துக் காரணம் கேட்கும் வினாவை ஆறாம் வகுப்பிலிருந்தே கல்வித்துறை தேர்வில் சேர்க்கட்டும். வாரம் ஒரு பாடவேளையைக் குழு வாசிப்புக்கு ஒதுக்கட்டும்.