பல் மருத்துவ இடம்: கட்டணம் கட்டும் நாளில் வரும் உதவி போதுமா?

நீட் முடிவு வெளியாகும் வாரத்தில் நமது ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் மாணவ மாணவியரின் புகைப்படங்களும் மாஷா அல்லாஹ் வாழ்த்துகளும் நிறைந்திருக்கும். கலந்தாய்வு நடக்கும் நாட்களில் வேறு வகைச் செய்தி வரத் தொடங்கும். "சுயநிதிக் கல்லூரியில் பி.டி.எஸ். இடம் கிடைத்துள்ளது, சில நாட்களில் கட்டணம் செலுத்த வேண்டும், குடும்பத்தில் வசதியில்லை, இயன்றதை உதவுங்கள்" என்று ஜமாஅத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு வங்கிக் கணக்கு எண் பகிரப்படும். நமது மக்களும் கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் கூடுதலாகவே கொடுக்கிறார்கள். முதலாண்டுக் கட்டணம் எப்படியோ சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகு இன்னும் மூன்று ஆண்டுகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது அடுத்த ஆண்டுதான் அந்தக் குடும்பத்துக்கு உறைக்கிறது.

அதே மாணவி இன்னும் பத்துப் பதினைந்து கேள்விகளுக்குச் சரியாக விடையளித்திருந்தால் அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்திருக்கலாம். அங்கே ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடமாக இருந்தாலும் லட்சங்களில் கட்ட வேண்டும். அந்தப் பத்துப் பதினைந்து கேள்விகளுக்காகச் செலவிட வேண்டிய பணம், கட்டணத்துக்காக நாம் திரட்டும் பணத்தில் சிறு பங்குதான். ஆனால் அதைச் செலவிட வேண்டிய காலம் பதினோராம் வகுப்பு. அப்போது யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதுமில்லை.

பல் மருத்துவத்தில் இடங்களே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2020-21 கல்வியாண்டில் நாடு முழுவதும் சுமார் 7,000 பி.டி.எஸ். இடங்கள் காலியாகக் கிடந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021 பிப்ரவரியில், அந்த ஆண்டுக்கு மட்டும் தகுதி மதிப்பெண்ணை 10 சதமானம் குறைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே தீர்ப்பில், மாணவர்கள் சேர முன்வரும் வகையில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் கட்டணத்தைக் குறைப்பது பற்றிப் பரிசீலிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஒருபக்கம் இடம் காலி, இன்னொரு பக்கம் வாட்ஸ்அப்பில் வங்கிக் கணக்கு எண். தடையாக நிற்பது கட்டணம்தான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆகவே நமது மாணவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது கட்டணம் குறைந்த இடம். அதற்குத்தான் போட்டி.

தமிழகத்தில் சென்னை, கடலூர் மாவட்டம் சிதம்பரம், 2023இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை என மூன்று அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரியின் 100 இடங்களை எடுத்துக்கொள்வோம். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 இடங்கள் போக மீதம் 85. அதில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு என்றால் மூன்று இடங்கள். 2007இல் பெற்ற இந்த ஒதுக்கீடு நமக்குப் பெரும் பலம்தான். மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் அதனால் பயனடைந்தவர்கள் நம் கண் முன்னே இருக்கிறார்கள். ஆனால் மூன்று இடங்களுக்கான போட்டியில் ஒரு கேள்விகூடத் தலைவிதியை மாற்றிவிடும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 31 விழுக்காடு பொதுப்போட்டி இடங்கள் எல்லோருக்கும் பொதுவானவை. நமது மாணவர்கள் அதிலும் ஏறினால்தான் பின்னால் நிற்பவருக்கு 3.5இல் வழி விடும்.

இன்னொரு கதவு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. இதில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. இங்கேதான் நமது சமுதாயத்துக்குத் தனியான ஓர் இடறல் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், அதிராம்பட்டினம், காயல்பட்டினம் போன்ற ஊர்களில் முன்னோர்கள் பாடுபட்டு உருவாக்கிய பள்ளிகள் பெரும்பாலும் அரசு உதவிபெறும் பள்ளிகளே. தோல் பதனிடும் தொழிலாளியின் பிள்ளையும், பீடி சுற்றும் தாயின் பிள்ளையும் அங்குதான் படிக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவரைவிட அவர்கள் எந்த வகையிலும் வசதியானவர்கள் அல்லர். ஆனாலும் 7.5 விழுக்காடு அவர்களுக்குக் கிடையாது. பல பெற்றோருக்கு இது தெரியவருவதே பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கலந்தாய்வு விண்ணப்பம் நிரப்பும்போதுதான்.

இதற்காக நமது பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை எடுத்துவிடுங்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். அந்தப் பள்ளிகள் இல்லாவிட்டால் பல ஊர்களில் நமது பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள். கோரிக்கை அரசிடம் வைக்கப்பட வேண்டும். அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டம் 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. காலை உணவுத் திட்டமும் உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஏழ்மை இரண்டு வகைப் பள்ளிகளிலும் ஒன்றுதான் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு, மருத்துவ இடத்தில் மட்டும் ஏன் வேறுபாடு? இருக்கும் 7.5ஐப் பங்கு போடச் சொன்னால் அரசுப் பள்ளி ஏழை மாணவர்கள் பாதிக்கப்படுவார்கள். அது நியாயமல்ல. உதவிபெறும் பள்ளிகளுக்கெனச் சிறு பங்கு தனியாகக் கேட்பதே முறை. கிறிஸ்தவச் சகோதரர்கள் நடத்தும் பள்ளிகளுக்கும் இதே பிரச்சினை உண்டு என்பதால் இரு சமுதாயத்தினரும் சேர்ந்தே கேட்கலாம்.

இனி தயாரிப்புக்கு வருவோம். நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு ஒன்று குறையும். ஏறத்தாழப் பாதிக் கேள்விகள் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகின்றன. ஆனால் தமிழகத்தில் பல பள்ளிகள் நெடுங்காலமாகப் பதினோராம் வகுப்பை அரைகுறையாக ஓட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் மனப்பாடம் செய்ய வைத்தன. 2017-18இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. மாணவர்களின் மன அழுத்தம் குறையும் என்பது உண்மையே. ஆனால் பழைய பழக்கம் திரும்பி வந்தால் முதலில் அடிபடுவது தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைதான். நமது பள்ளி நிர்வாகிகள் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டிப் பெருமைப்படும்போது, பதினோராம் வகுப்பு இயற்பியலில் எத்தனை பாடம் நடத்தப்பட்டது என்றும் பெற்றோர் கேட்க வேண்டும்.

முதல் முயற்சியிலேயே இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கைப்படி, தமிழகத்தில் மருத்துவ இடம் பெற்றவர்களில் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ முயன்றவர்கள் நீட் வருவதற்கு முன் சுமார் 12 விழுக்காடு. 2020-21இல் அது சுமார் 71 விழுக்காடு. அதாவது, வீட்டில் ஓராண்டு உட்கார வைத்து, பயிற்சி மையத்துக்கும் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே வாய்ப்பு. நமது வீடுகளில் அந்த ஓராண்டு ஆண்பிள்ளைக்கு ஒரு விதமாகவும் பெண்பிள்ளைக்கு வேறு விதமாகவும் கழிகிறது. பையனை "கடையில் நில், அப்படியே படி" என்கிறார்கள். பெண் என்றால் அந்த ஓராண்டுக்குள் நான்கு இடத்திலிருந்து வரன் பேச்சு வந்துவிடுகிறது. விடுதியுடன் கூடிய பயிற்சி மையத்துக்கு அனுப்பத் தயக்கம், வீட்டில் அமைதியாகப் படிக்க இடமில்லை. பல் மருத்துவராகியிருக்க வேண்டிய எத்தனை பெண்கள் இந்த ஓராண்டில் தொலைந்துபோகிறார்கள் என்று கணக்கெடுப்பார் இல்லை.

முன்பு ஒன்றிய அரசு "நயா சவேரா" என்ற பெயரில் சிறுபான்மை மாணவர்களுக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு உதவி வந்தது. அதுவும் நிறுத்தப்பட்டுவிட்டது. மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டபோது எழுந்த குரல்கள்கூட இதற்கு எழவில்லை. எனவே இரண்டாம் முயற்சிக்கான ஆண்டை ஊர் ஜமாஅத்துகள்தான் தாங்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. பகலில் சும்மா இருக்கும் திருமண மண்டபமோ பெண்கள் மதரஸாவோ போதும். பெண்களுக்குப் பாதுகாப்பான படிப்பறை, நல்ல இயற்பியல் ஆசிரியர் ஒருவர், ஞாயிறுதோறும் உண்மைத் தேர்வைப் போலவே பிற்பகல் 2 முதல் 5 மணி வரை விடைத்தாளில் வட்டம் நிரப்பும் மாதிரித் தேர்வு, அடுத்த நாள் தவறுகளை உட்கார்ந்து பேசுவதற்கு ஏற்கனவே படித்துக்கொண்டிருக்கும் பல் மருத்துவ மாணவி ஒருவர். உயிரியலை நமது மாணவிகள் தாமாகவே படித்துவிடுகிறார்கள். அவர்கள் சறுக்குவது இயற்பியலில். பணத்தை அங்கே போடுவது நல்லது. உருது வழியில் படித்தவர்கள் 2018 முதல் உருதுவிலும், தமிழ் வழியில் படித்தவர்கள் தமிழிலும் வினாத்தாள் கேட்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி. எனவே அறிவியல் சொற்களை ஆங்கிலத்திலும் தெரிந்து வைத்திருப்பது அவசியம். ஹிஜாப் அணிந்து எழுதத் தடையில்லை. சோதனைக்காக முன்கூட்டியே மையத்துக்குச் சென்றுவிட வேண்டும், அவ்வளவுதான். கடைசி நிமிடத்தில் போய்ப் பதற்றப்படுவதால்தான் பிரச்சினை.

படிப்பை விடச் சான்றிதழால் இடத்தை இழப்பது இன்னும் வேதனை. மாநில ஒதுக்கீட்டுக்குரிய பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சான்றிதழ் வேறு, அகில இந்திய ஒதுக்கீட்டுக்குரிய ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. முதலாவதுக்கு வருமான வரம்பில்லை. இரண்டாவதுக்கு 8 லட்சம் ரூபாய் வரம்பு உண்டு, புதிதாக வாங்கியதாகவும் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் லப்பை, தக்கனி, மாப்பிள்ளை, சையத், ஷேக், அன்சர், தூதேகுலா என ஏழு பிரிவுகள் உள்ளன. நமது பிரிவு ஒன்றியப் பட்டியலிலும் உள்ளதா என்று பார்த்த பிறகே நீட் விண்ணப்பத்தில் ஓ.பி.சி. என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுப்பிரிவு என்று குறிக்க வேண்டும். அதனால் மாநிலக் கலந்தாய்வில் 3.5 பறிபோகாது. சவூதியிலோ துபாயிலோ சில ஆண்டுகள் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழகத்திலேயே படிக்காதவர்கள் இருப்பிடச் சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் காட்ட வேண்டும். இதைத் தேர்வு முடிந்த அடுத்த வாரமே தாலுகா அலுவலகத்தில் தொடங்க வேண்டும். முடிவு வந்த பிறகு ஓடினால் கிராம நிர்வாக அலுவலர் விடுப்பில் இருப்பார்.

கலந்தாய்வில் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை. பல் மருத்துவ இடம் பெற்றவர் அடுத்த சுற்றில் எம்.பி.பி.எஸ். கிடைத்துப் போய்விட்டால் அந்த இடம் கீழே உள்ளவருக்கு வரும். எனவே முதல் சுற்றில் பெயர் இல்லை என்று விலகிவிடக் கூடாது. எந்தச் சுற்று வரை இழப்பின்றி விலகலாம், எதற்குப் பிறகு வைப்புத்தொகை போகும் என்பதைத் தகவல் கையேட்டில் படிக்காமல் எதையும் உறுதி செய்யவும் கூடாது. டெல்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் பல் மருத்துவத் துறையில் சரிபாதி இடங்கள் முஸ்லிம்களுக்கு உரியவை, அதில் முஸ்லிம் பெண்களுக்கெனத் தனிப் பங்கும் உண்டு. நமது மாநிலத்திலிருந்து விண்ணப்பிக்கும் எண்ணம் உள்ளவர்கள் அதன் சேர்க்கைக் கையேட்டையும் அதே நாட்களில் பார்த்துவிட வேண்டும்.

இடம் கிடைத்த பிறகும் செலவு கட்டணத்தோடு நிற்பதில்லை. இரண்டாம் ஆண்டிலேயே மைக்ரோமோட்டார், ஹேண்ட்பீஸ், ஆர்டிகுலேட்டர், மெழுகு, பிளாஸ்டர், கருவிப் பெட்டி என்று மாணவரே வாங்க வேண்டியவை வரிசையாக வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. படித்து முடித்தவர்களின் கருவிகளைப் பெற்று அடுத்தவருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை ஒரு மாவட்ட அளவில் செய்தாலே பெரிய சுமை இறங்கும். வட்டிக்கு அஞ்சி வங்கிக் கல்விக் கடனைத் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அவர்களுக்குப் பைத்துல்மால்கள் கர்ழன் ஹஸனாவாக நான்கு ஆண்டுக்கும் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். முதலாண்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வது உதவியாகாது. ஜகாத் நிதி யாருக்குப் பொருந்தும் என்பதை அந்தந்த ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பல் மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டுகள், ஓராண்டு பயிற்சி. முடித்தவுடன் கிளினிக் வைக்க முதல் வேண்டும், அரசுப் பணியிடங்கள் குறைவு, தனியார் கிளினிக்கில் தொடக்கச் சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பல லட்சம் கொடுத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்க நினைக்கும் பெற்றோரிடம் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், இடைத்தரகர் சொல்ல மாட்டார். அரசுக் கல்லூரியில் படித்த பெண்ணுக்குக் கடன் இல்லை. சொந்த ஊரிலேயே ஒரு நாற்காலியோடு தொடங்கினாலும் அவர் நிமிர்ந்து நிற்கலாம். பெண் மருத்துவரிடம் மட்டுமே வாய் திறக்கும் தாய்மார்கள் நமது ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அடுத்த நீட் தேர்வுக்கான மாணவர்கள் இப்போது வகுப்பறையில் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்ப் பட்டியல் எந்த ஜமாஅத் அலுவலகத்தில் இருக்கிறது?