ரேந்தைத் தலையணை

பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு அரைப் பரீட்சை விடுமுறை என்பது பெயரளவில்தான் விடுமுறை. விடைத்தாள்கள் மூட்டையாகக் கட்டிக்கொண்டு நம்முடனேயே வீடு வந்து சேர்ந்துவிடும். ஆயினும் இம்முறை கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னதாகவே மூட்டையைத் தீர்த்துவிட்டோம். வெளியூர்ப் பிரயாணம் இல்லை, விருந்தாளிகளும் இல்லை. முந்திரிக் கொத்தும் அச்சு முறுக்கும் டப்பாக்களில் அடங்கிவிட்டன. கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவின் சந்தடி ஓய்ந்து, சுசீந்திரத்து மார்கழித் தேர் இன்னும் புறப்படாத நாட்கள். வாசலில் காகித நட்சத்திரம் ஆடுகிறது. அப்பால் கும்பப் பூ வயல் பச்சையாய்க் கிடக்கிறது. இடையிடையே ஒரு தூறல். நாஞ்சில் நாட்டில் இத்தகைய நிம்மதி வருஷத்துக்கு ஒரு முறைதான் கிட்டும்.

இந்த நிம்மதியைக் கலைத்தவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நமது குமாரத்தி. குடில் ஜோடிக்கப் பழைய சாக்கு தேடிப் பரணில் ஏறியவள், உருண்டையாய்க் கல்போல் கனத்த ஒரு மூட்டையுடன் இறங்கினாள். அவிழ்த்தால் உள்ளே வைக்கோல் திணித்த ஒரு தலையணை. கூடவே ஒரு சுருக்குப் பையில் நூல் சுற்றும் மரக் குச்சிகள் சில டஜன்.

"இது எந்தத் தலைக்கு அப்பா?" என்றாள்.

எண்பதைத் தாண்டிய நமது அத்தை திண்ணையிலிருந்து குச்சிகளின் ஓசையைக் கேட்டார். "அதைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வை மக்களே. அது விளையாட்டுச் சாமான் இல்லை" என்றார்.

அது ரேந்தைத் தலையணை. 'லேஸ்' என்று இப்பொழுது எல்லாரும் சொல்லும் சரிகைப் பின்னலுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் ரேந்தை. போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல் அது. சொல் அவர்களுடையதாயினும் இவ்வூர்ப் பெண்களுக்கு அத்தொழிலைக் கற்பித்தவர் வேறொருவர். 1819-ஆம் ஆண்டின் இறுதியில் சார்லஸ் மால்ட் என்பவரும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். எழுத்தோடு ரேந்தை பின்னவும் கற்றுக் கொடுத்தார்.

அந்தக் காலத்தை நேயர்கள் சற்றே மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவிய காலம் அது. மனிதரை மனிதர் விலை பேசி விற்றார்கள். மேலாடை அணிவதே கலகத்துக்கும் அடிதடிக்கும் காரணமாயிருந்த சமூகங்களின் பெண்கள், சீமைச் சீமாட்டிகளின் ஆடை விளிம்புக்குப் பூ வேலை செய்தார்கள். அக்கூலியைக் காசு காசாகச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிய அடிமைப் பெண்களும் உண்டு. திருவிதாங்கூர் அரசு அடிமைகளை விடுவித்துப் பிரகடனம் செய்தது 1855-ல். மேலாடைக் கலகத்துக்குப் பிரகடனம் வந்தது 1859-ல். அரசாங்கம் கண் விழிக்கு முன்பே நூல் விழித்துக்கொண்டது என்றால் மிகையாகாது. பின்னர் 1897-ல் பெல்ஜியம் தேசத்திலிருந்து மேரி லூயி தெ மேஸ்தர் அம்மையார் முளகுமூட்டுக்கு வந்தார். அவர் தேசமோ ரேந்தைக்குப் பேர்போனது. அவ்வட்டாரத்திலும் பல பெண்களுக்கு நூல் வேலையே ஜீவனமாயிற்று.

இந்தச் சரித்திரமெல்லாம் நாம் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். ஆனால் தலையணையின் எதிரே ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. குமாரத்தி விடுவதாக இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மழை பிடித்துக்கொண்டது, மின்சாரமும் போயிற்று, கைபேசியும் உயிரை விட்டது. அத்தைக்கும் வேறு போக்கிடம் இல்லை. "சரி, கையைக் கழுவிக்கொண்டு வா. நூலில் அழுக்குப் பட்டால் ரேந்தை இல்லை" என்றார்.

பார்வைக்கு மாய வித்தையாகத் தோன்றும் இத்தொழிலின் ஆதாரம் இரண்டே அசைவுகள். துளையிட்ட அட்டையைத் தலையணைமேல் பதித்து, குண்டூசிகளில் நூலை மாட்டி, குச்சிகளை ஜோடி ஜோடியாகத் தொங்கவிட வேண்டும். இரண்டு ஜோடிகளை, அதாவது நான்கு குச்சிகளைக் கையில் எடுத்து, நடு இரண்டில் இடப்புறத்ததை வலப்புறத்ததன்மேல் தாண்ட விடுவது ஓர் அசைவு. ஒவ்வொரு ஜோடியிலும் வலக் குச்சியை இடக் குச்சியின்மேல் முறுக்குவது மற்றோர் அசைவு. தாண்டு, முறுக்கு, ஊசியைக் குத்து, மறுபடி தாண்டு, முறுக்கு. வலையும் இலையும் பூவும் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

நாமும் பக்கத்தில் அமர்ந்து, "எவ்வளவு இனிமையான பொழுதுபோக்கு!" என்று உபந்நியாசம் செய்தோம். அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பொழுதுபோக்கா? கஜக் கணக்குக்குக் கூலி. தொட்டிலில் பிள்ளை அழும். கண்ணை எடுத்தால் பின்னல் தப்பிவிடும். தப்பிய பின்னலுக்குக் காசு கிடையாது. எத்தனையோ வருஷம் பின்னினேன். எனக்கென்று ஒரு முழம் பின்னியதில்லை."

சற்று நேரம் மழையின் சப்தம்தான் கேட்டது. பிறகு அத்தை மெதுவாக, "நீ ஒருத்தியிடம் பேரம் பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா?" என்றார்.

ஞாபகம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஸ்திரீ கைப்பின்னல் ரேந்தையை வீடு தேடி விற்க வந்தாள். "கடையில் யந்திர ரேந்தை இதில் கால் விலைக்குக் கிடைக்கிறதே" என்று நாம் சாமர்த்தியமாய் வாதாடி, அவள் சொன்ன விலையில் பாதிக்கு வாங்கினோம். அன்று அத்தை உள்ளேதான் இருந்தார், ஒன்றும் பேசவில்லை.

இன்று பேசினார். "இங்கே உட்கார். ஓர் அங்குலம் பின்னு."

உட்கார்ந்தோம். தாண்ட வேண்டிய இடத்தில் முறுக்கினோம். முறுக்க வேண்டிய இடத்தில் குச்சியையே கீழே போட்டோம். ஓர் அங்குலத்துக்கு ஒன்றரை மணி நேரமாயிற்று. கழுத்து வலித்தது, கண்ணில் நீர் வந்தது. விடைத்தாள் திருத்தும் பழக்கத்தில் நமக்கு நாமே மதிப்பெண் போட்டுப் பார்த்தோம்: நூற்றுக்குப் பதினைந்து. அதுவும் கையெழுத்துக்காக.

கைக்கும் யந்திரத்துக்கும் நடந்த போர் புதிதன்று. ஜான் ஹீத்கோட் என்பவர் ரேந்தை வலையை யந்திரத்தில் நெய்ய 1809-க்குள் வழி கண்டார். 1816-ல் இங்கிலாந்தின் லவ்பரோ நகரில் அவருடைய யந்திரங்களைத் தொழிலாளர் இரவோடிரவாக உடைத்தார்கள். யந்திரம் நின்றுவிடவில்லை. அதை நாம் குறை கூறவும் இல்லை; எல்லாரும் சட்டை போட வேண்டுமானால் யந்திரம் வேண்டியதே. ஆனால் யந்திரத்தின் விலையைக் காட்டிக் கையின் நேரத்தை அடித்துப் பேசுவது நியாயமா? காந்தியடிகள் இராட்டையை வீட்டுக்கு வீடு சுற்றச் சொன்னது, நூலுக்குப் பின்னால் ஒரு வயிறு இருக்கிறது என்பதை நாம் மறவாதிருப்பதற்கும்தான் அல்லவா?

விடுமுறையின் கடைசி நாளில் குமாரத்தியின் ரேந்தை நான்கு அங்குலம் வளர்ந்திருந்தது. அத்தைக்குக் கண் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்கே ஒரு முறுக்குக் குறைகிறது. பிரித்துப் பின்னு."

"அரை நாள் வேலை பாட்டி!" என்று முகம் வாடினாள் குமாரத்தி.

"கூலிக்குப் பின்னுகிறவளுக்குத்தான் பிரிக்கும்போது வயிறு எரியும் மக்களே. உனக்கு என்ன அவசரம்? பிரித்துப் பின்னு."

ஓய்வு என்பதற்கு நாம் அகராதிகளில் பல பொருள் கண்டிருக்கிறோம். தப்பிய பின்னலை அச்சமின்றிப் பிரிக்க முடிவது என்னும் பொருளை எதிலும் கண்டதில்லை. அது நமக்குச் சும்மா கிடைத்துவிட்டதும் அல்ல. இம்மண்ணில் எத்தனையோ பெண்கள் ஒரு பின்னலும் தப்பாமல் உழைத்து வாங்கித் தந்தது.

குமாரத்தி பிரித்தாள். அந்த ரேந்தை முழு நீளம் எட்ட அடுத்த விடுமுறையும் வேண்டியிருக்கும். முடிந்ததும் அது அத்தையின் ரவிக்கைக் கழுத்துக்கு என்று தீர்மானமாகியிருக்கிறது. நாமும் ஒரு தீர்மானம் செய்துகொண்டோம். இனி வாசலில் கைவேலை விற்க வரும் ஸ்திரீயிடம் விலை கேட்குமுன், "எத்தனை நாள் ஆயிற்று, அம்மா?" என்று கேட்பது. பதிலைக் கேட்ட பின்பும் பேரம் பேச நாக்கு எழுமானால், பரணில் தலையணை இருக்கிறது. ஓர் அங்குலம் பின்னிவிட்டு வந்து பேசலாம்.