துறப்பணமும் துப்பாக்கியும்

பழைய தச்சர் துளையிடுதற்குக் கையாண்ட கருவிக்குத் துறப்பணம் என்று பெயர். வில்லின் நாணைத் தண்டிற் சுற்றி, ஒரு கையால் வில்லை முன்னும் பின்னும் இழுத்து, மறு கையால் தலைக்கட்டையை அழுத்திப் பிடித்து அவர்கள் மரத்தைத் துளைத்தார்கள். அதனை நேரிற் கண்ட மாணவர் இன்று மிகச் சிலரே. அதே தொழிலை இன்று செய்வது, விரலால் விசையை அழுத்தியவுடன் உறுமிச் சுழலும் மின் துறப்பணமாகும். அதன் உருவம் ஏன் கைத்துப்பாக்கியை ஒத்திருக்கிறது? இதற்கு விடை கூறப் புகின், ஒரு கொம்பனியின் நூறாண்டுக் கதையையே கூறல் வேண்டும்.

மின்சாரத்தாற் துளையிடும் எண்ணம் அமெரிக்கருக்கு முன்னரே பிறருக்குத் தோன்றிவிட்டது. 1889ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் ஆர்தர் ஆர்நொட் என்பவர் இத்தகைய பொறி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்காட் நகரில் பைன் கொம்பனியார் கையிலே தூக்கக்கூடிய மின் துறப்பணத்தைச் செய்தனர். அதன் எடை ஏழரைக் கிலோகிராம். தொழிலாளி அதனை இரு கைகளாலும் ஏந்தி, மார்போடு அணைத்து உந்தவேண்டியிருந்தது.

நாம் சொல்லவந்த கதை 1910இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் தொடங்குகின்றது. டங்கன் பிளாக், அலொன்சோ டெக்கர் என்னும் இளைஞர் இருவர் தந்திக் கருவிகள் செய்யும் கொம்பனியொன்றிற் பழகியவர்கள். பிளாக் தம் மோட்டார் வண்டியை 600 டொலருக்கு விற்றார். டெக்கர் தம் வீட்டை ஈடுவைத்து 600 டொலர் பெற்றார். இந்த 1200 டொலரே முதல். அன்று அவர்களுக்கெனச் சொந்தமாக ஒரு பொருள் இல்லை. பிறர் வேண்டிய இயந்திரங்களைச் செய்துகொடுத்தனர். பாற்போத்தலுக்கு மூடி செய்யும் பொறியும், இனிப்புப் பண்டத்தைப் பாகிலே தோய்க்கும் பொறியும் அவற்றுட் சில.

அக்காலத்து மின் துறப்பணங்களில் விசை ஒரு பக்கத்திலும் பிடி வேறொரு பக்கத்திலும் இருந்தன. ஆகவே, துளையிடுவோன் நிறுத்த விரும்பினால் ஒரு கையை எடுத்து விசையைத் தேடவேண்டும். அந்தக் கணத்தில் அலகு இரும்பிற் சிக்குமாயின் கருவி கையைத் திருகிவிடும். கோல்ட் என்னும் கைத்துப்பாக்கியின் அமைப்பு நண்பர் இருவருக்கும் வழிகாட்டிற்று. பிடித்த கையின் சுட்டுவிரலே சுடவும் நிறுத்தவும் வல்லதாயின், துளைக்கவும் ஏன் வல்லதாகாது? துப்பாக்கிப் பிடியும் விரல்விசையும் அமைந்த அக்கருவிக்கு 1917ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆந் திகதி காப்புரிமை கிடைத்தது. கொல்லும் கருவியிலிருந்து தொழிலாளியின் கையைக் காக்கும் கருவி பிறந்தமை நமக்கு வியப்பாகவே இருக்கின்றது.

பௌதிகம் பயிலும் மாணவர் கவனிக்கவேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு. அக்காலத்தில் சில ஊர்களில் நேரோட்ட மின்சாரமும் சில ஊர்களில் ஆடலோட்ட மின்சாரமும் வழங்கின. இரண்டிலும் இயங்கும் மோட்டாரே இக்கருவிக்கு வேண்டியிருந்தது. அதில் நிலையான சுருளும் சுழலும் சுருளும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மின்னோட்டம் திசை மாறும்போது இரண்டின் காந்த முனைகளும் ஒருங்கே மாறுகின்றன. ஆதலாற் சுழலும் திசை மாறுவதில்லை. இம்மோட்டார் மிக விரைந்து சுழல்வது. அவ்வேகத்தைப் பற்சில்லுகள் குறைத்து, வலுவாக மாற்றி, அலகிற் சேர்க்கின்றன. உள்ளே தோன்றும் நீலப்பொறி, சுழலும் பகுதியைத் தொட்டு மின்னைக் கொடுக்கும் காபன் துண்டுகளால் உண்டாவது.

முதற் கருவி இருபத்தொன்றரை இறாத்தல் நிறையும் 230 டொலர் விலையும் உடையது. தொழிற்சாலைகளும் கராஜுகளுமே அதனை வாங்க முடிந்தது. ஆயினும் கொம்பனியார் சோர்ந்திலர். பஸ் வண்டிகளிற் கருவிகளை ஏற்றி ஊரூராகச் சென்று செய்துகாட்டினர். 1929இல் ஆகாய விமானம் ஒன்றையே பறக்கும் காட்சிச்சாலையாக மாற்றினர்.

இரண்டாம் உலகப் போர் புதியதொரு வழியைத் திறந்தது. போர்த்தளபாடத் தொழிற்சாலைகளிலிருந்து துறப்பணங்கள் அடிக்கடி காணாமற் போயின. புதியன வேண்டுமென்று ஓலைமேல் ஓலை வந்தது. விசாரித்தபோது, வேலையாட்கள் தங்கள் வீட்டு வேலைக்கு அவற்றைக் கொண்டுபோன செய்தி வெளியாயிற்று. மற்றொருவர் இதனைக் களவு என்று மட்டுமே கண்டிருப்பர்; கொம்பனியார் இதில் ஒரு சந்தையைக் கண்டனர். 1946இல் கால் அங்குலத் துறப்பணம் 16 டொலர் 95 சதத்திற்கு விற்பனைக்கு வந்தது. சாதாரண குடும்பத்தார் தம் வீட்டு அலுமாரியைத் தாமே செய்யும் காலம் பிறந்தது.

1961இல் வயரின்றிப் பட்டரியால் இயங்கும் துறப்பணம் வந்தது. இது விண்வெளி ஆராய்ச்சியிற் பிறந்தது என்று பலர் சொல்லக் கேட்கிறோம், அது சரியன்று. கருவியே முன்னது, விண்வெளியாளர் பின்னர் அதனை நாடிவந்தனர். 1971இல் அப்பலோ 15 விண்கலத்தில் சென்ற டேவிட் ஸ்கொட், இவர்களுடைய மோட்டார் பொருந்திய துறப்பணத்தாற் சந்திரனின் தரையைத் துளைத்தார். ஏறத்தாழ மூன்று மீற்றர் ஆழம் செல்ல எண்ணிய இடத்தில் ஒன்றரை மீற்றர் அளவோடு அலகு நின்றுவிட்டது. தண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்திற் புரிகள் அறுபட்டிருந்தமையால், துகள் மேலேறாது இறுகிக்கொண்டது. இரண்டாந் துளை அதனினும் ஆழங் குறைந்தது. புரிகளைத் திருத்தியபின் அப்பலோ 16இல் வேலை எளிதாயிற்று.

வீட்டாரிடம் பெற்ற புகழுக்கு ஒரு விலையும் இருந்தது. 1984இல் இக்கொம்பனி ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியின் சிறு வீட்டுச் சாதனப் பகுதியை 300 மில்லியன் டொலருக்கு வாங்கிற்று. பாண் வாட்டும் பொறியிலும் ஸ்திரிக்கைப் பெட்டியிலும் காணப்பட்ட பெயரைத் தச்சர் தம் கைக்கருவியிற் காண விரும்பவில்லை. வாடிக்கையாளர் முன்னே சமையலறைப் பெயரைத் தாங்கிய கருவியை எடுப்பது தமக்கு இழுக்கு என்று கருதினர். கருவியிற் குறையில்லை, பெயரே பாரமாயிற்று. 1991இல் அமெரிக்கத் தொழிலாளர் வாங்கிய மின்கருவிகளில், ஜப்பானிய மகிட்டா ஏறக்குறையப் பாதியைப் பெற்றிருக்க, இந்தப் பழங் கொம்பனிக்கு நூற்றுக்கு 9 பங்கே எஞ்சியது. துப்பாக்கிப் பிடியை உலகுக்குத் தந்தவர்களுக்கு இது நேர்ந்தது என்று எண்ணும்போது மனம் சற்று வருந்தவே செய்கிறது.

அவர்கள் கண்ட பரிகாரம் விநோதமானது. மர வாள்களுக்குப் பேர்போன டிவோல்ட் கொம்பனியை 1960இலேயே வாங்கியிருந்தனர். 1992இல் அப்பழம் பெயரை எடுத்து, மஞ்சள் நிறம் பூசிய கருவிகளில் இட்டுத் தொழிலாளரிடம் கொடுத்தனர். தம் சொந்தப் பெயரை முன்னிறுத்தாது மறைத்தனர். தச்சர் மனமுவந்து வாங்கினர். சில ஆண்டுகளுள் இழந்த இடம் மீண்டது.

2010 மார்ச் மாதத்தில் இக்கொம்பனி, 1843இல் தொடங்கிய ஸ்டான்லி கொம்பனியோடு ஒன்றாயிற்று. கூட்டுக் கொம்பனியின் பெயரில் பிளாக், டெக்கர் என்னும் இரு பெயர்களும் நிலைத்துள்ளன. மஞ்சட் கருவியை வாங்குவோரின் கண்ணுக்குப் படுவதோ டிவோல்ட் என்ற பெயர் மாத்திரமே.