அறுத்துக் கட்டுவது அவமானமா?

நமது புதுக்கோட்டைச் சீமையில், புருஷனை இழந்த ஒரு பெண் தன் கையால் பாடுபட்டுச் சம்பாதித்துப் பிள்ளைகளையும் ஆளாக்கினால், ஊரார் அவளைப் புகழாமல் இருப்பதில்லை. "ஆண்பிள்ளை மாதிரி குடும்பத்தைத் தாங்குகிறாள்" என்பார்கள். அதே பெண், தன் வயலிலோ கடையிலோ கூட நின்று உதவுகின்ற ஒரு சாதாரண மனிதனை விரும்பிக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லட்டும். அன்றோடு அந்தப் புகழ்ச்சி முடிந்தது! "இந்த வயதில் இது தேவையா?" என்பார் ஒருவர். "போயும் போயும் இவனையா?" என்பார் மற்றொருவர். "வம்சம் என்னாவது?" என்பார் மூன்றாமவர். இந்த மூன்றாமவருக்கு நாம் இன்று கொஞ்சம் பதில் சொல்ல விரும்புகிறோம்.

வம்சம் என்றதும் ராஜ வம்சங்களைத்தான் பெருமையாகக் காட்டுகிறார்கள். ஆகவே ராஜ வம்சத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து அரசன் ஐந்தாம் ஹென்றி 1422-ல் இறந்தான். அவன் மனைவி காதரீன் பிரெஞ்சு அரசன் மகள். அப்போது அவளுக்கு வயது 20. கையில் ஒன்பது மாதக் குழந்தை. அரசனின் விதவை யாரை மணப்பாளோ, அவன் அதிகாரத்துக்கு வந்துவிடுவானோ என்று பிரபுக்கள் நடுங்கினார்கள். அரசனுடைய சம்மதமின்றி அவளை மணப்பவனுடைய நிலபுலன்கள் பறிக்கப்படும் என்று சட்டமும் செய்தார்கள். அரசனோ தொட்டிலை விட்டு இறங்கிச் சில வருஷங்களே ஆன பாலகன்! அவனுக்கு வயது வந்து சம்மதம் கொடுக்கும் வரையில் தாய் காத்திருக்க வேண்டுமாம்!

அந்த அம்மாள் என்ன செய்தாள்? பறிப்பதற்குச் சொல்லத்தக்க நிலபுலன் இல்லாத ஒருவனையே தேர்ந்தெடுத்தாள். அவன் ஓவன் டியூடர் என்னும் வேல்ஸ் நாட்டான். அவளது அரண்மனையில் ஊழியம் பார்த்தவன் என்பார்கள். வேல்ஸ்காரர்களுக்கு இங்கிலாந்தில் சம உரிமையே இல்லாதிருந்த காலம் அது. இதில் யார் யாருக்குப் பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள். 1437-ல் அவள் இறந்ததும் ஓவனைப் பிடித்துச் சிறையில் தள்ளினார்கள். அவள் உயிரோடிருந்த வரையில் அவளே அவனுக்குக் காவல் என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா? "பெண்ணுக்கு ஆண் காவல்" என்று உபதேசம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வம்சம் என்னவாயிற்று? இவ்விருவருடைய பேரன் 1485-ல் ஏழாம் ஹென்றியாக முடிசூடினான். அந்தப் பேரனின் பேத்திதான் எலிசபெத் ராணி. 1600-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தவளும் அவளே. விதவை மறுமணம் செய்து பிறந்த பரம்பரையின் சாசனத்தோடு வந்த கம்பெனிக்குத்தான் நமது நாட்டு உயர்ந்த வம்ச ராஜாக்களெல்லாம் சலாம் போட்டார்கள்!

நிற்க, நமது சீமையில் நடந்ததென்ன? கொடும்பாளூரில் மூவர் கோயிலைப் பார்த்து வியக்கிறோம். அந்தக் கொடும்பாளூர் வேளிர்களில் ஒருவரான வீரசோழ இளங்கோவேளாரின் மனைவி கங்கமாதேவியார், கோயில் விளக்குக்குத் தானம் செய்துவிட்டுத் தீயில் இறங்கினார் என்று முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. விளக்கு அணையாமல் எரிய ஏற்பாடு. பெண்ணோ ஒரே நாளில் எரிந்து சாம்பல்! இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1807-ல் ராஜா விஜயரகுநாத தொண்டைமான் இறந்தபோது அவருடைய ராணி ஒருவரும் உடன்கட்டை ஏறினார். பட்டத்துக்கு வரவேண்டிய பிள்ளையோ சிறுவன். தகப்பனையும் தாயையும் ஒருங்கே இழக்கச் செய்து வம்சத்தைக் காப்பாற்றினார்களாம்! எது வம்சத்துக்குக் கேடு என்று கேட்கிறோம். தாய் மறுபடி மணந்து வாழ்வதா, தாயை நெருப்பில் இடுவதா?

இதற்கு நேர்மாறாக, பாடுபட்டுப் பிழைக்கின்ற நம் மக்களில் பல வகுப்பாரிடம் அறுத்துக் கட்டுகின்ற வழக்கம் இருந்து வந்தது. புருஷன் செத்தால் பெண்ணும் சாக வேண்டியதில்லை. தாலியை அறுத்தாள், பிடித்தவனைக் கட்டினாள், பிழைத்தாள். இதைவிட அறிவுள்ள ஏற்பாடு எது? ஆனால் "அறுத்துக் கட்டுகிற ஜாதி" என்று மேல்ஜாதிக்காரன் ஏளனம் செய்தான். நம்மவர்களும் வெட்கப்பட்டு, நாலு காசு சேர்ந்ததும் முதல் வேலையாக அந்த நல்ல வழக்கத்தை விட்டுவிட்டு விதவையை மூலையில் உட்கார வைத்தார்கள். அதற்குக் கௌரவம் என்று பெயர்!

இந்தக் கௌரவத்துக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் சொத்துதான். 1856-ம் வருஷத்து விதவா விவாகச் சட்டம் மறுமணத்தை அனுமதித்தது. ஆனால் மறுமணம் செய்தால் முதல் புருஷன் சொத்தை இழக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்லிற்று. அதாவது தாலி வேண்டுமானால் நிலத்தைக் கொடு என்பதாகும். 1956-ம் வருஷத்து வாரிசுச் சட்டத்துக்குப் பிறகுதான் விதவைக்குக் கிடைத்த பங்கு அவளுக்கே முழுச் சொந்தமாயிற்று. இன்று சர்க்காரார் விதவை மறுமணத்துக்கு உதவித் தொகையும் கொடுக்கிறார்கள். சட்டம் மாறியது, சர்க்கார் மாறியது, மூன்றாமவர் மட்டும் மாறவில்லை. மகள் கல்யாணத்தில் கூடத் தாயைப் பின்வரிசையில் நிற்கச் சொல்கிறார்.

தோழர்களே! 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது இதே புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அப்போதும் சிரித்தவர்கள் உண்டு. இன்று எவனாவது சிரிக்கிறானா? சிரித்தால் அவனைத்தான் பைத்தியக்காரன் என்பார்கள். விதவை தானே துணை தேடுவதும் அப்படியே சாதாரணக் காரியமாகிவிடும். அதற்கு நாம் செய்யவேண்டியது அதிகமில்லை. அவள் ஒருவனை விரும்பினால், அவனுடைய ஜாதியையும் நிலத்தையும் விசாரிக்காமல், "உனக்குச் சம்மதமா?" என்று அவளை மட்டும் கேட்பது, சம்மதமென்றால் அந்தக் கல்யாணத்துக்குப் பந்தலில் முன்வரிசையில் போய் உட்காருவது. வம்சத்தைப் பற்றிய கவலையை அந்த வம்சமே பார்த்துக்கொள்ளும்.