சந்திரம்மாள் பெயரைச் சொல்ல ஏன் தயக்கம்?

போளூரில் ஒரு மகளிர் தினக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசியவர், "நாராயணசாமி ஐயரின் மகள்" என்று தொடங்கினார். பெற்ற தாயின் பெயர் கடைசி வரை வரவில்லை. கேட்டதற்கு, "பெரியவர்களின் குலத்தை ஏன் சார் கிளற வேண்டும்?" என்றார்.

தாயின் பெயர் சந்திரம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். சொன்னால் அம்மையாருக்கு இழுக்காம்!

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த அந்தப் பெண் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மெட்ரிகுலேஷன் தேறி மகாராஜா கல்லூரியில் சேரப் போனபோது எதிர்ப்பு. பெண் என்பது ஒரு காரணம், தாயின் குலம் இன்னொரு காரணம். மன்னர் தலையிட்ட பிறகே இடம் கிடைத்தது.

அன்று அந்தக் குலத்தைச் சொல்லிக் கதவை அடைத்தார்கள். இன்று அதையே மறைத்து மாலை போடுகிறோம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: அந்தத் தாய் வெட்கப்பட வேண்டியவள்.

1927-ல் சட்டசபைக்குள் போன அம்மையார் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடினார். 1947-ல் தடைச் சட்டம் முழுமையாக வந்தது. அந்தக் கோபம் புத்தகத்தில் படித்து வந்ததா? தாய்வழி உறவுப் பெண்களின் வாழ்க்கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். தாயை மறைத்தால் போராட்டத்தின் வேரே போய்விடும். பாவு இல்லாமல் ஊடை மட்டும் ஓட்டிப் புடவை நெய்ய முடியுமா? நம் ஊர்த் தறிக்காரரைக் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்திலும் விட்டுவிட்டால் எழுந்து நின்று நானே சொல்வேன். நீங்களும் சொல்லுங்கள்: சந்திரம்மாளின் மகள் முத்துலட்சுமி.